‘வித்தியாசம் இல்லை’ என்று முடியும் மறுவாழ்வு ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

இளவெயினி

அனைவருக்கும் வணக்கம். ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் சிகிச்சை) முதுகலைப் படிப்பில் ஆய்வேட்டுத் தலைப்பை முடிவு செய்ய வேண்டிய கட்டத்தில் இருக்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு கையின் செயல்பாட்டை மீட்பதுதான் எனக்குப் பிடித்த துறை. அதற்காகப் பெரிய ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து வருகிறேன். 2006-இல் வெளிவந்த எக்சைட் ஆய்வை முதலில் படித்தபோது மிகுந்த நம்பிக்கை வந்தது. நல்ல கையை உறையிட்டுக் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையை இரண்டு வாரம் தீவிரமாகப் பழக்கினால் ஓராண்டு கழித்தும் பலன் நிற்கிறது என்று அது காட்டியது. அதன்பின் 2015-இல் முதியோர் இல்லங்களில் நடந்த ஓ.டி.சி.எச். ஆய்வு, 2016-இல் ஐகேர், 2019-இல் ரோபோ உதவியுடன் நடந்த ராட்டல்ஸ் என்று வரிசையாகப் படித்தேன். மூன்றுமே முதன்மை அளவுகோலில் ‘குழுக்களுக்கிடையே வித்தியாசம் இல்லை’ என்று முடிகின்றன.

என் கேள்விகள் இரண்டு. இந்த முடிவுகளை வைத்து, நாம் நாள்தோறும் செய்யும் சிகிச்சைக்குப் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அடுத்தது, ஆயிரம் பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வுகளே இப்படி முடிகிறபோது, பத்துப் பதினைந்து பேரைக்கூடத் திரட்ட இயலாத ஒரு மாணவி நேர்மையாகச் செய்யக்கூடிய ஆய்வு என்று ஏதேனும் உண்டா? புதிய கருவி ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் அளந்து, ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதிவிடலாம் என்பதே எனக்குக் கிடைக்கும் பொதுவான ஆலோசனை. அதை எழுத மனம் ஒப்பவில்லை.

நெடுவழி

நல்ல கேள்வி. அந்த ஆலோசனையை ஏற்க உங்கள் மனம் ஒப்பாததே ஆய்வாளருக்கு வேண்டிய முதல் தகுதி.

‘வித்தியாசம் இல்லை’ என்ற வரியைக் கண்டவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, எதற்கும் எதற்கும் இடையே வித்தியாசம் இல்லை என்பதுதான். ஐகேர் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 361 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் குழுவுக்கு, கோட்பாட்டு அடிப்படையில் கவனமாக வடிவமைத்த பயிற்சி 30 மணி நேரம் தரப்பட்டது. இரண்டாவது குழுவுக்கு அதே 30 மணி நேரம் வழக்கமான ஆக்குபேஷனல் தெரபி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான தெரபியே, ஆனால் நேர அளவு எதுவும் விதிக்கப்படவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது சராசரியாகப் பதினொரு மணி நேரம். ஓராண்டு முடிவில் மூன்று குழுக்களும் முன்னேறியிருந்தன, ஆனால் ஒன்றையொன்று மிஞ்சவில்லை. ஆகவே இந்த ஆய்வு ஆக்குபேஷனல் தெரபியை ‘ஒன்றும் செய்யாமல் இருப்பதோடு’ ஒப்பிடவே இல்லை. ஒருவகைத் தெரபியை இன்னொருவகைத் தெரபியோடு ஒப்பிட்டது. அதிலிருந்து ‘தெரபிக்குப் பலன் இல்லை’ என்ற முடிவுக்கு யாரும் போக முடியாது. ‘நாங்கள் வடிவமைத்த பயிற்சி வழக்கமானதைவிட மேலானது’ என்ற நம்பிக்கைதான் அங்கே தோற்றது.

எக்சைட் ஆய்வையும் அதே கண்ணோடு வாசிக்க வேண்டும். அதில் சேர்க்கப்பட்டவர்கள் 222 பேர். அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சல்லடை போட்டவர்களின் எண்ணிக்கையோ 3,600-க்கும் மேல். பாதிக்கப்பட்ட கையின் மணிக்கட்டைக் குறைந்தது 10 பாகையாவது பின்னோக்கி நிமிர்த்த முடிய வேண்டும், கட்டைவிரலிலும் வேறு இரண்டு விரல்களிலும் ஓரளவு விரிப்பு இருக்க வேண்டும் என்பது சேர்க்கை நிபந்தனை. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கு வழக்கமான கவனிப்பு கிடைத்தது. அவர்களில் சிலர் எந்தச் சிகிச்சையும் பெறாமலேகூட இருந்திருக்கலாம். எனவே எக்சைட்டில் ஒப்பீட்டின் அடித்தளம் தாழ்வாக இருந்தது, ஐகேரில் உயர்வாக இருந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

ஓ.டி.சி.எச். வேறு வகை. 228 இல்லங்களில் வாழ்ந்த 1,042 முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கடுமையான இயலாமையில் இருந்தார்கள், நினைவாற்றல் குறைபாடும் பலரிடம் இருந்தது. தனிப்பட்ட இலக்குகளை ஒட்டிய சிகிச்சை மூன்று மாதத்தில் சில சந்திப்புகள் அளவுக்குத் தரப்பட்டது. அளந்தது பார்தல் குறியீட்டால். குளிப்பது, உண்பது, படி ஏறுவது போன்ற பத்துச் செயல்களில் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்கும், 1965 முதல் புழக்கத்தில் உள்ள அளவுகோல் அது. சக்கர நாற்காலியில் சரியாக உட்கார வைத்ததால் ஒரு பாட்டியால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தானே தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிகிறது என்றால், அந்த மாற்றம் பார்தலில் ஏறுவதற்கு இடமே இல்லாமல் போகலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா எதிர்மறை முடிவுகளையும் இப்படி விளக்கிவிட முடியாது. 2015-இல் வந்த ஏவெர்ட் ஆய்வு, பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நடமாட வைப்பதைச் சோதித்தது. 2,104 பேர், ஐந்து நாடுகள். மூன்று மாதத்தில் நல்ல நிலையை எட்டியவர்கள் தீவிர நடமாட்டக் குழுவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். சீக்கிரமும் அதிகமும் எப்போதும் நல்லது என்று நம் துறை முழுவதும் நம்பியிருந்த ஒன்றை அந்த ஆய்வு அசைத்தது. அப்படிப்பட்ட முடிவுகளுக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

எண்கோலம்

நான் மருத்துவப் புள்ளியியலில் பணியாற்றுபவன், சிகிச்சையாளன் அல்லன். நெடுவழி அவர்கள் சொன்ன பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு போக்கைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன்.

சாதகமான முடிவு வந்தால் அப்படியே ஏற்றுக்கொண்டு பாடப்புத்தகத்தில் சேர்க்கிறோம். பாதகமான முடிவு வந்தால் உடனே அளவுகோல் சரியில்லை, தரப்பட்ட சிகிச்சையின் அளவு போதவில்லை, சேர்க்கப்பட்டவர்கள் பொருத்தமில்லை என்று காரணம் தேடத் தொடங்குகிறோம். அதே காரணங்களைச் சாதகமான ஆய்வுகளிலும் தேடினால் மட்டுமே அது நியாயமான வாசிப்பு.

உங்கள் துறையின் பெருமைக்குரிய ஆய்வு 1997-இல் வெளியானது. பிறரைச் சாராமல் வாழும் 60 வயதுக்கு மேற்பட்ட முதியவர்கள்; தற்செயலாக அதிலும் 361 பேர்தான். ஒரு குழுவுக்கு ஒன்பது மாதம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நடத்திய வாழ்க்கைமுறைச் சீரமைப்புத் திட்டம், இன்னொரு குழுவுக்குத் தொழில்முறையல்லாதவர்கள் நடத்திய கூடிப் பொழுதுபோக்கும் நிகழ்வுகள், மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. தெரபி பெற்ற குழு உடல்நலம், செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எனப் பல அளவுகளில் முந்தியது. கூடிப் பொழுதுபோக்கிய குழுவுக்கும் எதுவும் பெறாத குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அழகான வடிவமைப்பு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதே சிந்தனையில் பிரிட்டனில் 288 பேரைக் கொண்டு நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. சேர்ந்தவர்களின் மனநலம் தொடக்கத்திலேயே நன்றாக இருந்ததால் உயர இடமில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் பொருத்தமாகவும் இருக்கலாம். ஆயினும் பின்னால் வந்த ஆய்வுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படுகிறதே, அதைத்தான் குறிப்பிடுகிறேன்.

வீழ்ச்சித் தடுப்பிலும் இதே கதைதான். 2011-இல் ஓர் ஆய்வு: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்குப் போய் இடர்களை மதிப்பிட்டால் முதியவர்கள் விழுவது குறைந்தது, அதே வேலையைப் பயிற்சி பெற்ற வேறு பணியாளர் செய்தபோது உறுதியான குறைவு தெரியவில்லை. 238 பேர். இதைத் தொழிலின் தனித்தன்மைக்குச் சான்றாகப் பலரும் மேற்கோள் காட்டினார்கள். பிறகு 1,331 பேரைக் கொண்ட ஓடிஸ் ஆய்வு 2021-இல் வந்தது. தெரபிஸ்ட்தான் வீட்டுக்குப் போனார். விழுவது குறையவில்லை. சிறிய ஆய்வில் வெளிப்படும் பெரிய பலன், பெரிய ஆய்வில் சுருங்குவது புள்ளியியலில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஏனென்றால் சிறிய ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரிந்தால்தான் அது கவனத்தைப் பெறும் அளவுக்குக் கணக்கில் தேறும்.

இளவெயினி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு: பதினைந்து பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு ‘பி மதிப்பு’ (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று கணிக்க உதவும் எண்) தேடுவதை மட்டும் செய்யாதீர்கள். கிடைக்கும் எண்ணால் யாருக்கும் எந்தப் பயனும் இருக்காது.

நெடுவழி

எண்கோலம் அவர்களின் எச்சரிக்கை நியாயமானது. ஓடிஸ் குறித்து ஒரு சிறு சேர்க்கை மட்டும். வீட்டு இடர்களைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடுவது) 2023-இல் வந்தது. விழும் எண்ணிக்கை மொத்தத்தில் 26 சதவீதமும், அண்மையில் விழுந்தவர்கள், அன்றாடச் செயல்களுக்கு உதவி தேவைப்படுபவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களிடையே 38 சதவீதமும் குறைகிறது என்கிறது அது. ஆபத்துக் குறைவாக உள்ளவர்களிடம் பலன் தெரியவில்லை. யாரிடம் கொண்டுபோகிறோம் என்பது எவ்வளவு செய்கிறோம் என்பதைவிடப் பெரிய கேள்வியாகிறது.

1999-இல் வந்த ஆய்வு ஒன்றில் இன்னும் வியப்பான செய்தி இருக்கிறது. தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்துபோனபின், முந்தைய ஆண்டில் விழுந்திருந்தவர்கள் விழுவது குறைந்தது, வீட்டுக்கு வெளியே விழுவதும் சேர்ந்தே குறைந்தது. கம்பளத்தை எடுத்துவிட்டதால் தெருவில் விழாமல் இருக்க முடியாது அல்லவா? அந்தச் சந்திப்பில் கைப்பிடியும் விளக்கும் தவிர வேறு ஏதோ ஒன்று கைமாறியிருக்கிறது. அது என்ன என்று பிரித்துப் பார்க்கும் ஆய்வுகள்தான் நமக்குக் குறைவு.

கரையோரம்

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபின் இங்கே வாசிக்கத் தொடங்கினேன். உள்ளே வந்து பேசுவது தவறாகாது என்று நம்புகிறேன்.

அவருக்கு இடது கை பாதிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் போகும் இடத்தில் நடுவில் தடுப்பு வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் இருக்கும் சிறு கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடுப்புக்கு மேலாக மறுபக்கம் போட வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் கூடியது. எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

வீட்டில் நடப்பது வேறு. சட்டைப் பொத்தான் போடும்போது வலது கை மட்டும் வேலை செய்கிறது. சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியது இடது கை. அது மடியில் அப்படியே கிடக்கிறது. துணி நழுவிப் போகிறது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். ‘இடது கையையும் கொண்டுவாருங்கள்’ என்று நான் சொன்னால் உடனே கொண்டுவருகிறார், பிடிக்கவும் செய்கிறார். நான் சொல்லாத நேரத்தில் அந்தக் கை தானாக வருவதில்லை. கட்டைகளை எடுக்கத் தெரிந்த கை, சட்டைக்கு ஏன் வருவதில்லை? உங்கள் ஆய்வுகள் அளப்பது கட்டைகளையா, சட்டையையா? இதைக் கேட்கவே எழுதினேன்.

நெடுவழி

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இந்த இழையின் நடுநாயகமான கேள்வி. இங்கே பேசுவதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.

நீங்கள் பார்த்ததை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆய்வாளர் குரங்குகளிடம் பார்த்தார். ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்தபின் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. இயக்க நரம்புகள் அப்படியே இருந்தன. நல்ல கையைக் கட்டிவைத்தால் பாதிக்கப்பட்ட கை வேலைக்கு வந்தது. தொடக்க நாட்களில் முயன்று முயன்று தோற்ற கை, பயன்படாமல் இருக்கவே கற்றுக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். எக்சைட்டில் சோதித்த சிகிச்சையின் வேர் அதுதான்.

ஆய்வுலகில் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறோம். கேட்டால் செய்ய முடிவது ‘திறன்’. கேட்காதபோதும் தன் வீட்டில் தானாகச் செய்வது ‘நிகழ்த்தல்’. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாட்டிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. கட்டைப் பெட்டி அளப்பது திறனை. நிகழ்த்தலை அளக்க ஒரு வழி, அன்றாட வேலைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ‘இதில் அந்தக் கையை எவ்வளவு பயன்படுத்தினீர்கள், எவ்வளவு நன்றாக’ என்று நேர்காணலில் கேட்பது. இன்னொன்று, இரண்டு மணிக்கட்டிலும் அசைவுமானியைக் கட்டிவிட்டு நாள் முழுவதும் பதிவுசெய்வது. உடல்நலமுள்ளவர்களிடம் இப்படி அளந்தபோது, பழகிய கைக்கும் மற்றக் கைக்கும் பயன்பாட்டு நேரத்தின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு 0.95 என்று கிடைத்தது. வலது கைப் பழக்கம் உள்ளவரின் இடது கை நாளெல்லாம் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டும், பாட்டிலை நிலைநிறுத்திக்கொண்டும், கதவைத் தாங்கிக்கொண்டும் வலது கைக்கு ஏறக்குறைய ஈடாக உழைக்கிறது என்று பொருள். உங்கள் கணவரின் மடியில் கிடக்கும் கை எவ்வளவு வேலையை விட்டுவிட்டது என்பதற்கு இதுவே கணக்கு.

பயிற்சியால் திறன் கூடிய பலரிடம் அசைவுமானியின் எண் நகரவே இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் வீட்டில் கண்டதும் அதுதான். இதற்காகவே டாப்பின் சிகிச்சையில் வீட்டுக்கான ஒரு பகுதி உண்டு. எந்தெந்த வேலைக்கு அந்தக் கையைக் கொண்டுவருவேன் என்று நோயாளி எழுதி ஒப்புக்கொள்கிறார், நாட்குறிப்பு வைக்கிறார், எங்கே தடைப்பட்டது என்று தெரபிஸ்டோடு அன்றாடம் பேசுகிறார். பலரும் இந்தச் சிகிச்சையை நகலெடுக்கும்போது உறையை எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். இதைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்ட ஆய்வுகளில், அன்றாடப் பயன்பாட்டில் கிடைத்த பலன் இதைச் சேர்த்த குழுவில்தான் தெளிவாகக் கூடியிருந்தது. எனவே ‘சட்டையை முதலில் இடது கையால் பிடிக்கிறேன்’ என்பது போல ஒரே ஒரு வேலையை எழுதிவைத்துத் தொடங்கலாமா என்று உங்கள் தெரபிஸ்டிடம் கேளுங்கள். தொடு உணர்வோ, இடப்பக்கக் கவனமோ குறைந்திருந்தாலும் கை இப்படி மறந்துபோகும். அதையும் பார்த்துச் சொல்லும்படி கேட்க வேண்டும்.

ஊன்றுகோல்

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சுருக்கமாக ஒரு குறிப்பு. மருத்துவமனைப் பயிற்சியின் உண்மையான அளவைப் பலரும் அறிவதில்லை. 2009-இல் 312 சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணியபோது, கைக்கான செயல்சார் அசைவுகள் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தன. விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றத்தை உண்டாக்கிய பயிற்சியோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். இந்த இடைவெளியை நிரப்பாமல் அளவுகோலைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எண்கோலம்

அந்த எண்ணை வெளியிட்ட ஆய்வாளரே பின்னர் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த 85 பேரை, மொத்தம் 3,200, 6,400, 9,600 அசைவுகள், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் இயன்ற உச்சம் என நான்கு அளவுகளில் பயிற்றுவித்து 2016-இல் வெளியிட்டார்கள். கூடுதல் அசைவுக்குக் கூடுதல் பலன் என்ற ஏறுமுகம் தெரியவில்லை. சொந்தக் கருதுகோளை இவ்வளவு நேர்மையாகச் சோதித்து வெளியிட்டதற்காகவே அந்த ஆய்வை மாணவர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டும் என்பேன். ராட்டல்ஸ் ஆய்வும் அதைத்தான் வேறு வழியில் சொல்கிறது. 770 பேரில் ரோபோ குழுவுக்கு வாரம் மூன்று முறை, 45 நிமிடம், 12 வாரம். அசைவுகளின் எண்ணிக்கை மிக அதிகம். நிர்ணயித்த இலக்கை எட்டியவர்கள் ரோபோ குழுவில் 44 சதவீதம், தெரபிஸ்ட் அதே நேர அளவில் நடத்திய செயல்சார் பயிற்சியில் 50, வழக்கமான கவனிப்பில் 42. இவற்றுக்கிடையே உறுதியான வித்தியாசம் இல்லை.

தளிர்நடை

குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். இளவெயினியின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்பதால் அதற்கு வருகிறேன்.

எங்கள் பிரிவில் ஒரே மாதிரியான பத்துக் குழந்தைகள் எப்போதும் கிடைக்க மாட்டார்கள். அதனால் ஒற்றையாள் ஆய்வு வடிவமைப்பை நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம். இதை ஒருவரைப் பற்றிய விவரிப்பு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது வேறு, இது வேறு. சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு செயலைத் திரும்பத் திரும்ப அளந்து, அவருடைய இயல்பான ஏற்ற இறக்கம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்கிறோம். மூன்று பேரைச் சேர்த்தால், மூவருக்கும் சிகிச்சையை வெவ்வேறு நாளில் தொடங்குகிறோம். எந்த நாளில் யார் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வது இன்னும் நல்லது. ஒவ்வொருவரிடமும் சிகிச்சை தொடங்கிய பிறகே மாற்றம் தொடங்கினால், தானாக வரும் மீட்சியோ பருவமோ அதற்குக் காரணம் என்று சொல்வது கடினமாகிறது. சிகிச்சைக்கு முன், சிகிச்சையின்போது என ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஐந்து அளவீடு, விளைவைக் காட்டக் குறைந்தது மூன்று வாய்ப்பு என்பது பரவலாக ஏற்கப்பட்ட தரம். இதை எப்படி அறிக்கையிட வேண்டும் என்பதற்கு 2016-இல் வெளிவந்த ஸ்கிரைப் வழிகாட்டுதலும் இருக்கிறது.

நோயாளியே தேர்ந்தெடுக்கும் செயலை அளக்க எங்களுக்குக் கைவந்த கருவி, சி.ஓ.பி.எம். என்று நாம் அழைக்கும் கனடிய நேர்காணல் அளவுகோல். தனக்கு முக்கியமான செயல்களில் ஐந்து வரை அவரே சொல்கிறார், ஒவ்வொன்றையும் எப்படிச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பிடுகிறார். இரண்டு புள்ளி உயர்ந்தால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பது நடைமுறை வழக்கு. கரையோரம் அம்மா சொன்ன சட்டைப் பொத்தான் அதில் முதல் வரியில் ஏறியிருக்கும்.

தெரபிஸ்ட் கையால் அசைத்துத் தரும் பயிற்சியைவிட, குழந்தையும் பெற்றோரும் தேர்ந்த இலக்கை வீட்டிலேயே பழகுவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள 36 குழந்தைகளைக் கொண்டு 2009-இல் வந்த ஓர் ஆய்வில், பெற்றோர்கள் மாதத்துக்கு ஏறத்தாழ 17 முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செய்ததிலேயே எட்டு வாரத்தில் பலன் தெரிந்தது. அது சிறிய ஆய்வுதான், எண்கோலம் அவர்களின் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் அதே திசையில் பின்னர் பல ஆய்வுகள் சேர்ந்திருக்கின்றன.

ஊன்றுகோல்

சி.ஓ.பி.எம். மீது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. திருப்தி கூடுவது செயல் மேம்பட்டதாலா, அல்லது நோயாளி தன் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டதாலா என்று அந்த எண்ணால் பிரிக்க முடியாது. சிகிச்சை அளிப்பவரே கேள்வி கேட்டால், அவர் மனம் நோகக் கூடாதென்று இரண்டு புள்ளி கூட்டிச் சொல்பவர்களும் இருப்பார்கள்.

கரையோரம்

நெடுவழி ஐயா, விளக்கத்துக்கு மிக்க நன்றி. அடுத்த சந்திப்பில் தெரபிஸ்டிடம் அவசியம் கேட்கிறேன்.

எதிர்பார்ப்பு குறைவதைப் பற்றி மேலே எழுதியவருக்கு ஒரு சொல். முன்பு தன் பொத்தானை நான் போட்டுவிட்டால் கோபப்படுவார். இப்போது கீழிருந்து மூன்றை அவர் போடுகிறார், மேலிருக்கும் இரண்டை என்னிடம் விடுகிறார். கழுத்துப் பக்கம் கை எட்டுவது சிரமம் என்று நாங்கள் இருவரும் பேசித்தான் அப்படிப் பிரித்துக்கொண்டோம். எதிர்பார்ப்பு குறைந்தது உண்மைதான். அதை முன்னேற்றத்தில் சேர்க்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். கை மேம்பட்டது, நாங்கள் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள முடியாதா?

இளவெயினி

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. கரையோரம் அம்மாவின் கடைசிக் கேள்வியில்தான் என் ஆய்வின் வடிவம் எனக்குத் தெரிகிறது. இப்படி யோசிக்கிறேன்.

பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த மூன்று பேர், முடிந்தால் நான்கு பேர். ஒவ்வொருவரும் இரு கையும் வேண்டிய ஒரு வீட்டு வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்க அளவீடுகள் முடிந்தபின், வெவ்வேறு நாளில், நெடுவழி ஐயா விளக்கிய வீட்டுப் பகுதியை மட்டும் சேர்க்கிறேன்: எழுத்து ஒப்புதல், நாட்குறிப்பு, தடைகளைப் பற்றிய உரையாடல். வழக்கமான சிகிச்சை மாறாமல் தொடரும். முதன்மை அளவுகோலாக இரு மணிக்கட்டு அசைவுமானியின் விகிதம். கூடவே சி.ஓ.பி.எம்., கட்டைப் பெட்டி. வேலையை நோயாளியும் வீட்டாரும் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதைத் தனிப் பத்தியாகப் பதிவுசெய்கிறேன். இதில் ஓட்டைகள் இருந்தால் சொல்லுங்கள்.

எண்கோலம்

நல்ல வடிவம். நான்கு பேராகவே திட்டமிடுங்கள். ஒருவர் நடுவில் விலகினாலும் மூன்று வாய்ப்பு மிஞ்சும். ஆறு மாதம் கடந்தவர்களை எடுத்திருப்பதால் தானாக வரும் மீட்சியின் குழப்பம் வெகுவாகக் குறைகிறது.

அசைவுமானியில் ஒரு சிக்கல். நடக்கும்போது கை வீசுவதையும் அது பயன்பாடாக எண்ணும். ஒருவர் அதிகம் நடக்கத் தொடங்கினால் இரு கைகளின் எண்ணும் கூடும், விகிதம்கூட நகரலாம். அதனால் தேர்ந்தெடுத்த அந்த ஒரு வேலையைக் காணொளியாகவும் பதிவுசெய்து, எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பாதிக்கப்பட்ட கை எத்தனை வினாடி வேலையில் இருந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணக் கூடாது. எதை முதன்மையாகக் கொள்வீர்கள் என்பதை முதல் அளவீட்டுக்கு முன்பே எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் தேர்ந்தெடுக்கும் ஆசை எவ்வளவு நல்லவருக்கும் வரும்.

தளிர்நடை

நீங்கள் சேர்க்கும் வீட்டுப் பகுதியை இன்னொருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்கு விவரியுங்கள்: யார், எங்கே, எத்தனை நிமிடம், நோயாளி நாட்குறிப்பு எழுதாத நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வரை. சிகிச்சையை எப்படி விவரிக்க வேண்டும் என்று சொல்லும், 2014-இல் வந்த டைடியர் பட்டியலின் 12 இனங்களை வைத்துக்கொண்டால் எதுவும் விடுபடாது. வழக்கமான சிகிச்சை ‘மாறாமல் தொடரும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அதிலும் என்ன நடந்தது என்று வாரத்துக்கு ஓர் அமர்வையாவது கவனித்து எழுதுங்கள். ஐகேரில் ‘வழக்கமான தெரபி’ என்ற பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை இப்போதும் நாம் ஊகித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

நெடுவழி

ஒரே ஒரு சேர்க்கை. ஆய்வில் சேர மறுத்தவர்களின் எண்ணிக்கையையும், அவர்களே விரும்பிச் சொன்னால் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி ஒப்புக்கொள்வதும் நாட்குறிப்பும் சிலருக்குப் பாரமாக இருக்கும், குறிப்பாக எழுதும் கையே பாதிக்கப்பட்டிருந்தாலோ, பேச்சு பாதிக்கப்பட்டிருந்தாலோ. அப்படிப்பட்டவர்களுக்குக் குரல்பதிவோ படங்களோ போதும் என்று தொடக்கத்திலேயே ஆய்வுத் திட்டத்தில் சேர்த்துவிட்டால், பெரிய ஆய்வுகள் பலவும் வாசலிலேயே நிறுத்திவிடும் நோயாளிகள் உங்கள் ஆய்வுக்குள் வர முடியும். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் வரைவை இங்கே இடுங்கள், வாசித்துச் சொல்கிறேன். வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளின் பகுதியைக் கரையோரம் அம்மா ஒருமுறை பார்த்துத் தந்தால் மிகவும் நல்லது.

கரையோரம்

கட்டாயம் பார்த்துத் தருகிறேன். கேள்விகளை அவரிடமும் வாசித்துக் காட்டுகிறேன். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்பதை என்னைவிட அவர் சரியாகச் சொல்வார்.